இலைச் சாப்பாடு: முதல்முறை உட்காருபவர்களுக்கு

தட்டில் சாப்பிட்டே பழகியவர்கள் ஓட்டலில் வாழையிலைக்கு முன்னால் உட்காரும்போது தடுமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். தட்டில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை நாமே போட்டுக்கொள்கிறோம். இலையில் பரிமாறுபவர் போட்டுக்கொண்டே போவார். நிறுத்த வேண்டியது நாம். எங்கே 'போதும்' சொல்வது, எதைக் கேட்டு வாங்குவது, எதற்கு வயிற்றில் இடம் விட்டுவைப்பது என்று தெரிந்துவிட்டால், மீதியெல்லாம் கைப்பழக்கம்.

உள்ளே நுழையும்போது

வாசலில் 'மீல்ஸ் ரெடி' பலகை பெரும்பாலும் பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு வெளியே வரும். மூன்று, மூன்றரைக்கு உள்ளே போய்விடும். பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை நெரிசல். இரண்டரைக்கு மேல் போனால் இடம் கிடைக்கும், ஆனால் பொரியல் தீர்ந்து வேறு ஏதாவது வைப்பார்கள்; ரசமும் தெளிவு போய் அடிமண்டியாக வரும். முதல்முறை போகிறவர்கள் பன்னிரண்டேகாலுக்குள் உட்கார்ந்துவிடுவது நல்லது. எல்லாம் சூடாக இருக்கும், பரிமாறுபவருக்கும் நம்மைக் கவனிக்க நேரம் இருக்கும்.

பல ஓட்டல்களில் இரண்டு வகைச் சாப்பாடு உண்டு. அளவுச் சாப்பாட்டில் குழம்பு, ரசம், கூட்டு, தயிர் எல்லாம் சின்னக் கிண்ணங்களில் ஒரே தடவையாக வந்துவிடும். முழுச் சாப்பாட்டில் சோறு, குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல் கேட்கக் கேட்க வரும். இனிப்பு, வடை, கிண்ணத் தயிர் போன்றவை பெரும்பாலும் ஒரு தடவைதான். அப்பளம் கடைக்குக் கடை மாறும். இரண்டாவது அப்பளத்துக்குக் காசு உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முழுச் சாப்பாட்டில் ஓர் இலைக்கு ஒருவர் என்பது எழுதாத விதி, சில கடைகளில் எழுதியே வைத்திருப்பார்கள். இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடுவதோ மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்வதோ அங்கே நடக்காது. பார்சல் சாப்பாடு தனிக் கணக்கு. அளவு கூடுதலாக இருக்கும், பசி குறைவான இரண்டு பேர் பெரும்பாலும் அதில் சாப்பிட்டுவிடலாம்.

மெஸ்களில் முதலில் டோக்கன் வாங்கச் சொல்வார்கள். கூட்டம் அதிகமுள்ள இடங்களில் பந்தி பந்தியாகத்தான் உட்கார வைப்பார்கள். ஒரு வரிசை முழுவதும் ஒன்றாகத் தொடங்கும், குழம்பும் ரசமும் வரிசைக்கே ஒன்றாக வரும். அங்கே மெதுவாகச் சாப்பிடுபவர் பின்தங்கிவிட்டால் சாம்பார் வாளி தாண்டிப் போயிருக்கும். கூப்பிட்டால் திரும்பி வருவார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

உட்காரும் முன் கை கழுவுங்கள். துடைப்பதற்கு டிஷ்யூ தேட வேண்டாம். விரல் கொஞ்சம் ஈரமாக இருந்தால் சோறு ஒட்டாது.

இலை

நுனியோடு இருப்பது தலைவாழை இலை. நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வெட்டிய அகலப் பக்கம் வலக்கைப் பக்கம் வரும். பிசைவது வலது கை என்பதால் அங்கேதான் அகலம் தேவை. ஓட்டலில் பெரும்பாலும் கிடைப்பது நுனியில்லாத நடுத்துண்டு. அதற்கு இடவலம் பார்க்க வேண்டியதில்லை, நடுநரம்பு நமக்கு முன்னால் குறுக்காகக் கிடந்தால் போதும். பளபளப்பான கரும்பச்சைப் பக்கம் மேலே, வெளிறிய பக்கம் மேசையில்.

தமிழ்நாட்டில் இலைக்கென்றே அதிகம் பயிரிடும் ரகம் பூவன். இளசாக, வெளிர்பச்சையாக இருக்கும் இலை மடங்கும், கிழியாது. முற்றிய இலை மொடமொடவென்று இருக்கும். நடுநரம்பிலிருந்து ஓரத்துக்கு ஓடும் பக்க நரம்புகளின் வழியே அது சட்டென்று கீறிக்கொள்ளும். அதனால்தான் இலையைத் துடைக்கும்போது நரம்பின் போக்கிலேயே, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும். குறுக்கே அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். டம்ளரிலிருந்து ஒரு கை தண்ணீர் எடுத்துத் தெளித்து, உள்ளங்கையால் வழித்து, எதிர்ப்பக்க ஓரத்தில் தள்ளிவிடுங்கள். பக்கத்து இலையில் தெறிக்கக் கூடாது. தண்ணீரைத் தேங்க விட்டால் உப்பு கரையும், ஊறுகாய் ஓடும், அப்பளம் நமுத்துப்போகும்.

சோறு விழப்போகும் இடத்தில் கீறல் இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். இலையை மாற்றுவார்கள், இல்லையென்றால் அடியில் இன்னொரு துண்டு வைப்பார்கள். ரசம் ஊற்றிய பிறகு சொன்னால் மேசையோடு சேர்த்துத் துடைக்க வேண்டியதாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நடுநரம்பு அடிப்பக்கம் புடைத்திருப்பதால் இலை அந்த இடத்தில் கொஞ்சம் தூக்கி நிற்கும். இலையின் கீழ்ப்பாதி நம்மை நோக்கிச் சரிந்திருக்கும். சோறும் குழம்பும் விழுவது அந்தக் கீழ்ப்பாதியில்தான். புதியவர்கள் மடியில் ரசம் வாங்கிக்கொள்வது இந்தச் சரிவினால்தான். அதற்கு என்ன செய்வது என்று ரசம் வரும்போது சொல்கிறோம்.

முகூர்த்த நாட்களில் இலை விலை ஏறிவிடும். சில கடைகள் அன்று எவர்சில்வர் தட்டில் வட்டமாக வெட்டிய இலைத் துண்டைப் போட்டுச் சமாளிக்கும். இலை மாதிரி பச்சையாக அச்சடித்த பிளாஸ்டிக் தாள் வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களில் சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாளும் ஒன்று. சுடுசோற்றுக்கு அது உகந்ததும் அல்ல.

எது எங்கே விழும்

நடுநரம்புக்கு மேல் தொடுகறிகள், கீழே சோறு. மேல்பாதியில் இடது ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் தொடங்கி, பொரியல், கூட்டு, வறுவல், பச்சடி என்று வலப்பக்கம் போகும். இனிப்பும் அப்பளமும் பெரும்பாலும் கீழ்ப்பாதியின் ஓரத்தில். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் மாறும். மாறாதது ஒன்று: அடிக்கடி கை போகும் பொருட்கள் வலப்பக்கம், துளி தொட்டுக்கொள்ளும் உப்பும் ஊறுகாயும் இடக்கோடி.

உப்பு வேண்டாம் என்று நினைத்தாலும் வாங்கி வையுங்கள், கடைசியில் மோருக்குத் தேவைப்படும். ஊறுகாயை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடாதீர்கள், அதுவும் மோருக்குத்தான். அப்பளத்தைச் சோற்றின் மேல் வைக்க விடாமல் ஓரத்தில் வாங்குங்கள். ஆவி பட்டால் இரண்டே நிமிடத்தில் தொய்ந்துவிடும்.

தண்ணீர் டம்ளர் இடப்பக்கம் இருக்கட்டும். வலது கை சோற்றில் இருக்கும். டம்ளர், ஜக்கு எல்லாம் இடது கையால்தான். குழந்தைகளுக்குச் சின்ன இலை கேட்டால் பல கடைகளில் தருவார்கள். கையால் சாப்பிட வராது என்றால் ஸ்பூன் கேளுங்கள். ஆனால் ஸ்பூனை அழுத்தினால் இலை கீறும், மேலாக அள்ள வேண்டும்.

பருப்பிலிருந்து மோர் வரை

முதல் சோறு விழும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. பசியில், இரண்டு கரண்டி போட வருபவரைத் தடுக்காமல் விட்டுவிடுகிறோம். அந்தச் சோறு முழுவதையும் சாம்பாரிலேயே முடித்தால் ரசத்துக்கும் மோருக்கும் வயிறு இருக்காது. நான்கு சுற்று வரப்போகிறது என்பதை மனதில் வைத்து முதலில் ஒரு கரண்டி மட்டும் வாங்குங்கள். நடுத்தரப் பசிக்காரர்களுக்கு ஒரு கணக்கு: பருப்புக்கு ஒரு கைப்பிடிச் சோறு, சாம்பாருக்கோ குழம்புக்கோ இரண்டு, ரசத்துக்கு ஒன்றரை, மோருக்கு ஒன்று. குறைந்தால் கேட்டால் வரும். கூடிவிட்டால் இலையில் கிடந்து வீணாகும்.

பருப்பும் நெய்யும் முதலில். சோற்றில் ஒரு கைப்பிடியை மட்டும் முன்னால் தள்ளி, அதன் மேல் பருப்பு, நெய், துளி உப்பு சேர்த்துப் பிசையுங்கள். சூடாக இருக்கும்போதே பிசைந்தால்தான் நெய் ஒவ்வொரு பருக்கையிலும் ஏறும். கை பொறுக்கவில்லை என்றால் சோற்றை விரலால் பரப்பிவிட்டு அரை நிமிடம் பொரியலைச் சாப்பிடுங்கள். சில கடைகளில் பருப்புக்குப் பதிலாகப் பருப்புப் பொடி வரும். அதற்கு நெய்யைத் தாராளமாகக் கேளுங்கள், நெய் குறைந்தால் பொடி தொண்டையில் அடைக்கும். பருப்பில் ஒரு தேக்கரண்டி அளவை ஓரமாக மிச்சம் வையுங்கள், ரசத்தில் சேர்த்துப் பிசைந்தால் அதன் ருசியே வேறு.

அடுத்தது சாம்பார். பிறகு வத்தக்குழம்போ காரக்குழம்போ மோர்க்குழம்போ, அன்றைக்கு எது உண்டோ அது. "சாம்பாரா, காரக்குழம்பா?" என்று கேட்பார்கள், இரண்டும் வேண்டும் என்று சொல்லலாம், ஆனால் ஒன்றை முடித்துவிட்டு மற்றதை வாங்குங்கள். ஒரே சோற்றில் இரண்டு குழம்பும் கலந்தால் இரண்டின் ருசியும் தெரியாமல் போகும். முழுச் சோற்றையும் ஒரே தடவையில் பிசையாமல் பாதிப் பாதியாகப் பிசைவதும் இதற்காகத்தான். எதற்கு எது தொட்டுக்கொள்வது என்பது அவரவர் நாக்கு. ஆனாலும் சில சோடிகள் நாள்பட நிலைத்துவிட்டவை: சாம்பாருக்கு உருளைக்கிழங்கு, வத்தக்குழம்புக்குக் கூட்டும் அப்பளமும், மோர்க்குழம்புக்குப் பருப்பு உசிலி, ரசத்துக்கு வறுவல். வத்தக்குழம்பு புளிப்பும் காரமும் கூடியது, சாம்பார் மாதிரி ஊற்றிவிட்டால் சாப்பிட முடியாது. அரைக் கரண்டி வாங்கி, கூடவே கொஞ்சம் நல்லெண்ணெயோ நெய்யோ கேளுங்கள்.

காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. மிளகாயின் காரச்சத்து தண்ணீரில் கரையாது. கொழுப்பில் கரையும், பாலிலுள்ள புரதமும் அதைப் பற்றி இழுத்துக்கொள்ளும். ஒரு வாய் தயிரோ நெய்ச்சோறோ உடனே கேட்கும்.

இனி ரசம். "ரசத்துக்குச் சாதம் போடவா?" என்று கேட்டுத்தான் போடுவார்கள். வந்த சோற்றை ரசம் ஊற்றும் முன்பே நான்கு விரலாலும் கொஞ்சம் குழைய மசித்துக்கொள்ளுங்கள். பருக்கை பருக்கையாக நிற்கும் சோறு ரசத்தைக் குடிக்காது, ரசம் அடியில் ஓடிவிடும். மசித்த சோற்றில் பாத்தி கட்ட வேண்டும். நடுவில் குழி, சுற்றிலும் வயல் வரப்பு மாதிரி சோற்றுக் கரை. நம் பக்கத்துக் கரை மற்ற பக்கங்களைவிடக் கொஞ்சம் உயரமாக, ஒரு விரல் கனத்துக்காவது இருக்கட்டும். முன்னே சொன்ன சரிவுக்கு மருந்து இதுதான். பரிமாறுபவரிடம் "அரைக் கரண்டி போதும்ணே" என்று சொல்லுங்கள். ரசம் குழியில் விழுந்ததும் தாமதிக்காமல் உள்பக்கத்திலிருந்து சோற்றைச் சரித்து மூடிப் பிசைய வேண்டும். அது உறிஞ்சியதும் இன்னொரு அரைக் கரண்டி. கரை உடைந்து ஓட ஆரம்பித்தால் உள்ளங்கையின் ஓரத்தால் மடக்கி மேல்நோக்கித் தள்ளுங்கள். விரல் நுனியால் தடுத்தால் இடுக்கு வழியே ஓடும். பாத்தி கட்டத் தைரியம் வரும்வரை ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கலாம். அப்படிக் குடிப்பவர்கள் ஏராளம், அதில் குறைவொன்றுமில்லை.

கையில் எடுக்கும் முறையும் இங்கே முக்கியம். விரல்களின் முதல் இரண்டு கணுவுக்கு மேல் சோறு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு விரலையும் சேர்த்துக் குவித்து அள்ளி, வாயருகே கொண்டுபோய், கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும். கட்டைவிரல் தள்ளாமல் விரலை வாய்க்குள் விட்டால் பாதிச் சோறு திரும்ப இலைக்கே வரும்.

பாயசம் எப்போது வரும் என்பது கடையைப் பொறுத்தது. பெரும்பாலும் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில். கன்னியாகுமரிப் பக்கம் பாயசம் இலையிலேயே விழும். அப்பளத்தை நொறுக்கி, பழத்தையும் பிசைந்து, விரலால் வழித்துச் சாப்பிடுவார்கள். நன்றாகவே இருக்கும், ஆனால் பாயசம் ரசத்தைவிட வேகமாகப் பரவும். இலையில் வாங்குவதானால் ரசத்தின் மிச்சமெல்லாம் வழித்து முடித்த இடத்தில் வாங்குங்கள். தயக்கம் இருந்தால் கிண்ணம் கேளுங்கள்.

மோரையோ தயிரையோ தவிர்க்காதீர்கள். காரம், புளிப்பு, எண்ணெய் எல்லாம் போன பிறகு நாக்கும் வயிறும் அடங்குவது இந்தச் சுற்றில்தான். கைப்பிடிச் சோறு, மோர், இடக்கோடியில் காத்திருக்கும் உப்பு, ஊறுகாய். மோர்மிளகாய் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மோரும் ஓடும், பாத்தி மறுபடியும் வேண்டும். கெட்டித் தயிர் கிண்ணத்தில் வந்திருந்தால் இந்தச் சிரமம் இல்லை.

கேட்பதும் நிறுத்துவதும்

'போதும்' என்பதைக் கரண்டி சாய்வதற்கு முன்பே சொல்ல வேண்டும். வாளியோடு ஒருவர் வரிசையில் வருகிறார் என்றால் உங்கள் இலைக்கு அவர் செலவிடப்போவது இரண்டு நொடி. வேண்டாம் என்றால் இலைக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள், அது எல்லாக் கடையிலும் புரியும். வாய் நிறையச் சோறு இருக்கும்போது இதுதான் உதவும். கொஞ்சமாக வேண்டும் என்றால் வாயால் சொல்லியே ஆகவேண்டும்: "கொஞ்சமா வைங்க", "பாதிக் கரண்டி". வயதில் மூத்தவரை அண்ணே, அண்ணா, அக்கா என்றும், சின்னவரைத் தம்பி என்றும் கூப்பிடுங்கள். விரலைச் சொடுக்குவதோ மேசையைத் தட்டுவதோ வேண்டாம். உச்சி நேரத்தில் அவர்கள் நின்றுகொண்டே நூறு இலைக்குப் பரிமாறுகிறார்கள்.

பிடிக்காத பொரியலை முதலிலேயே மறுத்துவிடுங்கள். வாங்கி வைத்துவிட்டுத் தொடாமல் விடுவதைப் பார்த்தால் சமைத்தவருக்கும் பரிமாறியவருக்கும் மனம் சுருங்கும். பிடித்ததை இரண்டாவது, மூன்றாவது முறை கேட்பது அவர்களுக்கு மகிழ்ச்சிதான். கூட்டை மறுபடி கேட்பவர்கள் குறைவு, அதனால் கேட்டால் மனமாரப் போடுவார்கள்.

அசைவ மெஸ்ஸில்

அடிப்படை இதேதான், பருப்பின் இடத்தில் குழம்புகள் வரும். கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு என்று தூக்குவாளிகளில் கொண்டுவந்து வேண்டியதை ஊற்றுவார்கள். இது சாப்பாட்டோடு சேர்ந்தது. பெரும்பாலான இடங்களில் குழம்பில் துண்டு வராது. சுக்கா, ஈரல், வறுவல், மீன், ஆம்லெட் எல்லாம் தனி விலை. ஒரு பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். "சும்மா வைக்கட்டுமா?" என்று கேட்பது இலவசம் என்ற பொருளில் அல்ல. விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். பில்லில் பல புதியவர்கள் திகைப்பது இந்த இடத்தில்தான். குழம்பு வரிசையில் மீனைக் கடைசியாக வாங்குங்கள். முதலிலேயே வாங்கினால் அதன் வாசமும் புளிப்பும் பின்னால் வரும் கறிக்குழம்பை அமுக்கிவிடும். பிறகு ரசம், மோர். இங்கும் அதே பாத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்த மெஸ்களில் இடம் கிடைப்பது கடினம். புரட்டாசியில் காற்று வாங்கும், நிதானமாகப் பழகிப் பார்க்க அது நல்ல மாதம். சைவ ஓட்டல்களில் அமாவாசையன்று கூட்டம் கூடும், பல இடங்களில் அன்று வடை பாயசத்தோடு இலை நிறையும்.

எழுந்திருக்கும்போது

இலையின் மேல்பாதியை நம் பக்கமாக மடித்து மூட வேண்டும். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்று பல ஊர்களில் கருதுவதால் ஓட்டலிலும் நம் பக்கம் மடிப்பதே பாதுகாப்பு. மூடும் முன் மிச்சம் மீதியை நடுவில் ஒதுக்குங்கள். மோர் தேங்கியிருந்தால் வழித்துவிட்டு மடியுங்கள், இல்லையென்றால் மடிந்த வாய் வழியாக நம் மேலேயே ஒழுகும். மூடிவிட்டால் 'முடிந்தது' என்று பொருள், பரிமாறுபவர் அதற்குப் பின் எதுவும் கேட்க மாட்டார். ஆகவே மோர் இன்னும் வரவேண்டியிருந்தால் இலையை மூடிவிட்டுக் காத்திருக்காதீர்கள். சில மெஸ்களில் அவரவர் இலையை அவரவரே எடுத்துக் கூடையில் போட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் தெரியும். அப்போது இரண்டு கையாலும் அடியில் தாங்கி எடுங்கள், ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் நரம்பு வழியே கிழிந்து கொட்டும்.

டிஷ்யூ தாள், பல்குத்தும் குச்சி, தண்ணீர் பாட்டில் மூடி, பிளாஸ்டிக் கிண்ணம் எதையும் இலைக்குள் வைத்து மூடாதீர்கள். பல ஊர்களில் சாப்பிட்ட இலைகள் மாட்டுக்குப் போகின்றன. மடிப்புக்குள் மறைந்திருக்கும் குச்சியும் பிளாஸ்டிக்கும் இலையோடு சேர்ந்தே மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். அவற்றை மேசையின் ஓரத்தில் தனியாக வைத்துவிட்டு எழுந்திருங்கள்.